மேடைக்கு மட்டும்தானா வெளிச்சம்?

திருமண வரவேற்புபசாரத்தில் எடுக்கப்படும் படங்கள் யாருக்காக எடுக்கப்படுகின்றன? மணமக்களுக்காக என்றுதான் எவரும் உடனே பதில் சொல்வர். அந்தப் பதில் பாதி சரியானது. மற்றப் பாதியை அறிய வேண்டுமாயின், பத்திரிகை அலுவலகமொன்றில் மரண அறிவித்தல்களைப் பொறுப்பேற்கும் மேசையின் அருகே சில வருடங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

குடும்பத்தில் ஒரு பெரியவர் காலமானால், அன்று மாலையோ மறுநாட் காலையோ மகன் அல்லது மருமகன் விபரங்களை எழுதிக்கொண்டு வருவார். பெயர், பிறந்த ஊர், வசித்த இடம், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை என்பனவெல்லாம் ஒழுங்காக இருக்கும். படம் எங்கே என்று கேட்டால்தான் தடுமாற்றம் தொடங்கும். அடையாள அட்டைக்கு எடுத்த படம் முப்பது வருடப் பழையது. வயதான பின்னர் ஸ்டூடியோவுக்குப் போய் உட்காரும் வழக்கம் நம்மவர்களிடம் இல்லை. கடைசியில் உறவினர் ஒருவரின் திருமண அல்பத்திலிருந்து உருவியெடுத்த படம் மேசைக்கு வரும். “இதிலை ரெண்டாவது வரிசையிலை நிக்கிறவர்தான் அப்பா. மற்றாக்களை வெட்டிப்போட்டு இவரை மட்டும் போடுங்கோ” என்பார்கள். அல்பத்துக்குப் பதிலாக இன்று கைத்தொலைபேசி நீட்டப்படுகிறது. படம் பிறந்த இடம் மட்டும் மாறவில்லை. அது அநேகமாக ஏதோவொரு திருமண மண்டபம்தான்.

இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. நமது முதியவர்கள் பட்டு வேட்டி கட்டி, சால்வை போட்டு, தலை சீவி, நல்ல முகத்தோடு வெளியே வருவது இன்னொருவரின் கலியாணத்துக்குத்தான். மறுநாட் பத்திரிகையிலும், 31ஆம் நாள் நினைவு மலரிலும், பின்னர் வீட்டுச் சுவரிலும் அவர்களுடைய முகமாக நிற்கப்போவது அந்த மாலையில் எடுக்கப்பட்ட படமே. ஆகவே வரவேற்புபசாரத்துக்கு எந்த வில்லையைக் கொண்டுபோவது, எந்த ஒளியை எங்கே வைப்பது என்ற கேள்வியைப் படப்பிடிப்பாளரின் தொழில் இரகசியம் என்று ஒதுக்கிவிட முடியாது. அது ஒரு சமூகத்தின் முகங்கள் எவ்வாறு எஞ்சப்போகின்றன என்ற கேள்வி. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: வில்லையும் ஒளியும் மேடையை மட்டும் பார்த்துத் தெரிவு செய்யப்படலாகாது. அவை சபையையும் பார்த்துத் தெரிவு செய்யப்படல் வேண்டும். இன்று நடப்பதோ இதற்கு நேர்மாறானது.

வெள்ளவத்தையிலோ, யாழ்ப்பாணத்திலோ, ஸ்காபரோவிலோ ஒரு வரவேற்புபசாரத்துக்குப் போய்ப் பாருங்கள். மேடையின் பின்னால் பகல்போல் எரியும் எல்.ஈ.டி. திரை. மேடையின் முன்னால், இரு புறமும் தாங்கிகளில் நிறுத்தப்பட்ட வீடியோ விளக்குகள். அவற்றிடையே நான்கு அல்லது ஐந்து கமராக்காரர்கள். மணமக்களைப் பார்த்து வாழ்த்த வந்தவர்கள் இவர்களின் முதுகுகளைப் பார்த்து வாழ்த்திவிட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போகிறார்கள். அங்கேயும் ஒருவர் விளக்கோடு வந்து, சோற்றுக் கவளம் வாய்க்குப் போகும் நேரம் பார்த்து முகத்தில் வெளிச்சத்தை அடித்துவிட்டுப் போகிறார். விருந்தினரை அந்த இரவில் ஒளிப்பதிவு செய்த கணக்கு அத்துடன் முடிந்துவிடுகிறது.

இந்த விளக்குகளால் மண்டபத்துக்கு நேர்வது என்ன என்பதைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது. விளக்கொன்றின் ஒளி, தூரம் இரட்டிக்கும்போது நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. இரண்டு மீற்றர் தூரத்தில் நிற்கும் மணமகளின் முகத்தில் விழும் ஒளியோடு ஒப்பிட்டால், நான்கு மீற்றர் தூரத்தில் இருப்பவருக்குக் கிடைப்பது 4இல் 1 பங்கு. எட்டு மீற்றர் தூரத்தில், மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவுக்குக் கிடைப்பது 16இல் 1 பங்கு. மேடைத் திரையின் பிரகாசத்துக்கு ஈடுகொடுக்க முன்விளக்குகளை மேலும் கூட்டுகிறார்கள். கமராவையும் அந்தக் கூடிய ஒளிக்கே அமைத்துவிடுகிறார்கள். விளைவு, மேடையில் மணமக்கள் கண்களைச் சுருக்கிக்கொண்டு நிற்க, சபை முழுவதும் கரிய நிழலாகப் பதிவாகிறது. தூரம் கூட ஒளி குறைவது பௌதிகவியல். அதில் எவரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் விளக்கை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது பௌதிகவியல் அல்ல.

இவ்வளவு வெளிச்சம் இல்லாவிட்டால் படம் விழாது என்று சொல்வோர் உளர். படச்சுருள் காலத்தில் அந்தக் கூற்றில் ஓரளவு நியாயம் இருந்தது. 400 வேகமுள்ள வர்ணச் சுருளை வைத்துக்கொண்டு மங்கலான மண்டபத்தில் அதிகம் சாதிக்க முடியாது. ஆனால் 2007இல் நிக்கோன் நிறுவனம் வெளியிட்ட டி3 கமராவே ஐ.எஸ்.ஓ. 6400 வரை பயன்படத்தக்க படங்களைத் தந்தது. அதன் பின்னர் வந்த கமராக்கள் அதனையும் தாண்டிவிட்டன. கருவி மாறிவிட்டது, கருவியைப் பிடித்திருப்பவரின் பழக்கம் மட்டும் மாறவில்லை.

அடுத்தது வில்லை. கமராவோடு சேர்த்து விற்கப்படும் சாதாரண வில்லை, தூரத்தில் இருப்பவரைக் கிட்ட இழுக்கும்போது எஃப் 5.6 அளவுக்கே வாய் திறக்கும். 50 மி.மீ. எஃப் 1.8 என்ற சிறிய வில்லை அதனைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. எந்தக் கம்பனியின் பட்டியலை எடுத்துப் பார்த்தாலும் மிக மலிவான வில்லைகளில் ஒன்று இதுதான். கொண்டுவந்து நிறுத்தும் விளக்குகளிற் பலவற்றின் வேலையை உள்ளங்கையில் அடங்கும் இக்கண்ணாடி செய்துவிடும். ஸ்ரான்லி குப்ரிக் 1975இல் வெளியான ‘பரி லிண்டன்’ திரைப்படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே காட்சிகளைப் படமாக்கினார். அதற்கு அவர் பயன்படுத்தியது நாசாவுக்கென ஸைஸ் நிறுவனம் தயாரித்த 50 மி.மீ. எஃப் 0.7 வில்லை. நமது படப்பிடிப்பாளர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் அறையில் உள்ள ஒளியை மதிக்க விரும்புபவர் முதலில் வில்லையைத் தேடுவார், விளக்கை அல்ல என்ற பாடத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எந்த வில்லையை எங்கே பயன்படுத்துவது? மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு 35 மி.மீ. போதும். ஒரு தனி முகத்துக்கு 85 மி.மீ. வில்லையைப் போட்டுக்கொண்டு சற்று எட்ட நின்றால் மூக்குப் பெருக்காது, காது ஒடுங்காது. படம் எடுக்கப்படுகிறது என்ற பதற்றமும் அந்த முகத்தில் வராது. மாலை மாற்றும்போதும் கேக் வெட்டும்போதும் 70-200 மி.மீ. எஃப் 2.8 வில்லையோடு மண்டபத்தின் பக்கவாட்டில் நின்றே எடுத்துவிடலாம். சபையின் கண்ணை மறைத்துக்கொண்டு மேடையின் முன்னால் நிற்க வேண்டிய தேவையில்லை. 16 அல்லது 20 மி.மீ. அகலக்கோண வில்லை மண்டபத்தின் அலங்காரத்தைக் காட்டும் ஓரிரு படங்களுக்கு மாத்திரம் உரியது.

ஆனால் நடைமுறையில் அந்த அகலக்கோண வில்லையே கழற்றப்படாமல் கமராவில் இருக்கிறது. நெருக்கடியான இடத்திலும் எல்லோரையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கிவிடலாம் என்பதால் அது சோம்பேறிகளுக்கு வசதியானது. அதன் ஓரங்களில் நிற்பவர்களின் முகங்களோ பக்கவாட்டில் இழுபட்டு அகன்றுபோகும். ஓரத்தில் நிற்பவர்கள் யார் என்று எண்ணிப்பாருங்கள். நடுவிலே மணமக்கள், அவர்களையடுத்துப் பெற்றோர், பின்னர் வசதி படைத்த உறவினர். ஊரிலிருந்து பஸ் ஏறி வந்த சின்னம்மா, கூச்சத்தோடு ஒதுங்கி நிற்கும் விதவைப் பெரியம்மா, குடும்பத்தில் வருமானம் குறைந்த அந்த அண்ணன் ஆகியோரே ஓரத்துக்குப் போகிறவர்கள். வாழ்க்கை அவர்களை ஓரத்தில் நிறுத்தியது போதாதென்று வில்லையும் அவர்களின் முகத்தைக் கோணலாக்கி அனுப்புகிறது. குழுப்படத்துக்கு நான்கு அடி பின்னால் போய் 50 மி.மீ. வில்லையில் எடுத்தால் இந்த அநியாயம் நேராது. பின்னால் போக இடமில்லையெனில் குழுவை இரண்டாகப் பிரித்து இரண்டு படங்கள் எடுக்கலாம். செலவு ஒரு நிமிடம்.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு மோகமும் வளர்ந்திருக்கிறது. வாய் அகன்ற வில்லையை வாங்கியவர், அதனை எந்நேரமும் முழுதாகத் திறந்தே வைத்திருக்கிறார். பின்னணி பஞ்சு போல் மங்கித் தெரிந்தால் அது கலை என்று நம்புகிறார். 85 மி.மீ. வில்லையை எஃப் 1.4இல் திறந்து இரண்டு மீற்றர் தூரத்தில் ஒரு முகத்தை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் மட்டுமே. மணமகளின் கண் துலங்கும்; ஒரு அடி பின்னால் நின்று கண்கலங்கும் தாய் வெறும் வர்ணத் திட்டாகிவிடுவார். வாய் அகன்ற வில்லையை வைத்திருப்பது தேவைப்படும்போது திறப்பதற்கு. இரண்டு வரிசையில் ஆட்கள் நின்றால் அதனை எஃப் 5.6 வரையில் ஒடுக்கத்தான் வேண்டும். அப்போது குறையும் ஒளியை ஈடுசெய்வதற்குத்தான் பிளாஷ் இருக்கிறது.

பிளாஷே கூடாது என்ற கட்சியைச் சேர்ந்தவன் அல்லன் நான். ஹென்றி கார்ட்டியே பிறெஸோன் அதனை வெறுத்து ஒதுக்கினார், 50 மி.மீ. வில்லை பொருத்திய லைக்கா கமராவோடு பெரும்பாலான தமது வேலையை முடித்தார். ஆனால் அவர் கூலிக்குக் கலியாணப் படம் எடுக்கப் போனவரல்லர். நூறு குடும்பங்களை ஒரு மாலையில் எடுத்து முடிக்க வேண்டியவருக்குப் பிளாஷ் தேவை. கேள்வி, அதனை எந்தப் பக்கம் திருப்புவது என்பதே. நேரே முகத்தில் அடித்தால் வியர்வை பளபளக்கும். முகப்பூச்சுத் தூள்களிற் சில வெள்ளை படிந்தாற்போலத் தெரியும். பின்சுவரில் கறுத்த நிழல் விழும். அதே பிளாஷின் தலையை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பினால் கூரை முழுவதும் ஒரு பெரிய விளக்காகி மெல்லிய ஒளியைக் கீழே இறக்கும். கூரை மிக உயரமானது, அல்லது நிறம் பூசப்பட்டது என்றால் பக்கச் சுவரை நாடலாம். அதுவும் வாய்க்காவிடில் மண்டபத்தின் இரு மூலைகளில் இரண்டு பிளாஷ்களை உயர்த்தி வைத்துச் சபையின் மீது ஒளி பரவச் செய்யலாம். எவர் கண்ணையும் கூசச் செய்யாத வழிகள் இவை.

ஒளியின் நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். மண்டபத்து மஞ்சள் விளக்குகள் பெரும்பாலும் 3000 கெல்வின் அளவில் எரிகின்றன. பிளாஷ் 5500 கெல்வின் அளவில், பகலொளி போல் வெட்டுகிறது. இரண்டையும் கலந்தால் முன்னே நிற்பவர் நீலம் பாய்ந்தவராகவும், பின்னே இருப்பவர் மஞ்சட்காமாலை வந்தவராகவும் தோன்றுவர். பிளாஷின் வாயில் செம்மஞ்சள் நிறத் தாளொன்றை ஒட்டினால் இச்சிக்கல் தீர்ந்துவிடும். அதேபோல இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸில் வருவதால் பல விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை துடிக்கின்றன. ஷட்டரை 1/100 அல்லது 1/50 செக்கனில் வைத்தால் படத்தின் குறுக்கே கருங்கோடுகள் விழுவதைத் தவிர்க்கலாம். வட அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். அங்கே கணக்கு 1/60, 1/120 ஆகும். இவற்றைப் படிக்க ஒரு மாலைநேரம் போதும். இலட்சக்கணக்கில் கட்டணம் வாங்குகின்ற ஒருவரிடம் இவ்வளவையாவது எதிர்பார்ப்பது பேராசையாகாது.

எல்லாவற்றிலும் மேலான குற்றம் ஒன்று உண்டு. அது நமது தோலின் நிறத்தை அழிப்பது. வேண்டுமென்றே ஒளியைக் கூட்டி எடுத்து, பின்னர் கணினியிலும் முகங்களை வெளுக்கிறார்கள். கறுத்த, மாநிறமான பெண் ஒருத்தி தன் சொந்தக் கலியாண அல்பத்தில் வேறொருத்தியாக நிற்கிறாள். கையின் நிறம் ஒன்று, முகத்தின் நிறம் இன்னொன்று. இதற்கு ஒரு பழைய வரலாறும் இருக்கிறது. வர்ணப் படங்களைக் கழுவி அச்சிடும் கூடங்களுக்குக் கொடாக் நிறுவனம் அனுப்பிய ‘ஷேர்லி’ அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே நிறத்துக்கான அளவுகோலாகப் பல்லாண்டுகள் இருந்தது. பல நிறத்தவரையும் கொண்ட அட்டை 1990களிற்தான் வந்தது. அந்த அநீதியை அந்நிறுவனமே திருத்திக்கொண்ட பின்னரும், அதே அளவுகோலை எவரும் கேளாமலே தூக்கிச் சுமப்பவர்கள் நாங்கள்தான்.

மண்ணிறத் தோல் படத்துக்கு வாய்ப்பில்லாதது என்பது அறியாமை. கொழும்பில் வாழ்ந்த லயனல் வென்ட் (1900-1944) கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களைப் பாருங்கள். இந்நாட்டு மனிதரின் கரிய உடலில் ஒளி எவ்வாறு வழிகிறது என்பதை அவர் கண்டிருந்தார். ஒளியை நேரே அடிக்காமல் பக்கத்திலிருந்து வரவிட்டால் கன்னமும் நெற்றியும் தாமே உருக்கொள்ளும். கமராவின் ஒளிமானி, சட்டத்துக்குள் இருக்கும் அனைத்தையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயலும் ஒரு பேதைக் கருவி. வெள்ளைத் திரையின் முன்னால் நிற்கும் கரிய முகத்தை அது மேலும் இருட்டாக்கும். முகத்தில் அளவெடுத்து எடுப்பதே அதற்கு மருந்து, பின்னர் வெள்ளையடிப்பதல்ல. பத்திரிகைக்காரன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்வேன். வெளுக்கப்பட்ட முகம் பத்திரிகைத் தாளில் அச்சாகும்போது புள்ளிகள் விழ இடமின்றி வெறும் தாளாகிவிடும். இரண்டு கண்களும் ஒரு மீசையும் மட்டும் மிதக்கும் மரண அறிவித்தல்களை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

“வாடிக்கையாளர் கேட்கிறார்கள், நாங்கள் கொடுக்கிறோம்” என்பது படப்பிடிப்பாளர்களின் பதில். பத்திரிகைத் தொழிலிலும் இதே வாதம் நெடுங்காலமாக உலவுகிறது: வாசகர் கேட்கிறார், ஆகவே எழுதுகிறோம். வாசகருக்கு வேறெதுவும் காட்டப்படாதபோது அவர் எதனைக் கேட்பார்? சினிமாப் பாடற் காட்சி போன்ற படங்களை மாத்திரம் மாதிரிக்கு அடுக்கி வைத்துவிட்டு, அதனையே கேட்கிறார்கள் என்று மணமக்கள்மீது பழி போடுவது நேர்மையல்ல. போட்டி மிகுந்த தொழில், விளக்கும் கிரேனும் இல்லாவிட்டால் மதிப்பில்லை என்றும் சொல்கிறார்கள். கடன்பட்டுக் கருவி வாங்கியவர்களின் நெருக்கடியை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் நான் மேலே சொன்ன வழியில் செலவு கூடவில்லை, குறைகிறது. இரண்டு மூன்று வில்லைகள், இரண்டு பிளாஷ்கள், கொஞ்சம் பொறுமை. பொறுமைக்கு வாடகை இல்லை.

இது வெறும் கலியாணப் படம், இதற்கு இவ்வளவு ஆவேசமா என்று கேட்போருக்கு ஒரு வார்த்தை. நமது மக்கள் படங்களை இழந்த மக்கள். 1983 ஜூலையில் கொழும்பில் எரிந்த வீடுகளோடு அல்பங்களும் எரிந்தன. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து மழையில் நடந்தவர்களும் கையில் எடுத்துச் சென்றவை மிகச் சில. 2004 டிசெம்பர் 26இல் கடல் கொண்டுபோனது. 2009இல் வன்னியில் எஞ்சியதும் போனது. பெற்றோரின் படம் ஒன்றுகூட இல்லாத பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். எஞ்சிய உறவுகளோ ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சிட்னியிலும் சிதறிக் கிடக்கின்றன. அவர்கள் ஒரே கூரையின் கீழ் சேருவது ஒரு கலியாணத்தில்தான். அந்த நான்கு மணித்தியாலத்தில் சபையை இருட்டில் விட்டுவிட்டு மேடைத் திரையைப் படம் எடுப்பது எவ்வகை நியாயம்?

ஆகவே திருமணம் பேசி முடித்து மண்டபமும் ஒழுங்கு செய்துவிட்ட குடும்பத்தாருக்கு என் வேண்டுகோள் இது. படப்பிடிப்பாளரிடம் விலையைக் கேட்கும் முன்னர் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மேசைகளில் இருக்கும் பெரியவர்களை எந்த வில்லையால் எடுப்பீர்கள்? உங்கள் விளக்கு எங்கே நிற்கும், அது யாருடைய கண்ணில் அடிக்கும்? எங்கள் முகங்களை எங்கள் நிறத்திலேயே தருவீர்களா? மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்தவருக்குக் கேட்ட பணத்தைக் கொடுங்கள். விருந்து தொடங்கும் முன்னர், இரு பக்கத்திலும் அறுபது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். குடும்பத்தில் விபரம் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூடவே அனுப்பி, இவர்தான் இன்னார் என்று காட்டச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு தனி முகப்படம், நல்ல ஒளியில், எடுத்து முடிந்த பின்னர் அவர் மேடைக்குப் போகட்டும். மணமக்கள் மேடையில் காத்திருப்பார்கள். அவர்களுக்கு வயது இருக்கிறது.